நனையக்கூடாத படகு

"படகு மழையில நனையக் கூடாதுன்னு தார்ப்பாய் போட்டு மூடுற ஆளை இப்பத்தான்யா பாக்குறேன்!"

அண்ணாதுரை சொன்னதும் டீக்கடை மொத்தமும் எதிர்வீட்டைப் பார்த்துச் சிரித்தது.

அங்கே கிளமென்ட் தான் நனைந்துகொண்டு, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

குவைத்தில் இருபது வருஷம் படகுப் பட்டறையில் வேலை பார்த்தவன். வந்ததும் மாடி கட்டுவான் என்று பார்த்தால், நாகப்பட்டினத்துக் காயலான் கடையில் கிடந்த ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகை லாரியில் ஏற்றிவந்து வாசலில் இறக்கினான். நாற்பது வருஷத்துப் படகு. நாலு பேர் உட்காரலாம், அவ்வளவுதான்.

ஒரத்தநாட்டுப் பக்கம் ஏது கடல்? அண்ணாதுரைக்கு மண்டை காய்ந்தது. ஆறு மாசமாகத் தினமும் போய் நின்று பார்த்தார். கிளமென்ட் பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். வெடிப்பில் ஃபைபர் துணியை வைத்து ரெசின் பூசினான். பட்டி பார்த்தான். மறுபடியும் தேய்த்தான்.

"ஏம்ப்பா, பாய் விரிச்சு எங்க போவப் போற? கல்லணைக் கால்வாய்லயா?"

"தை பொறக்கட்டும்ணே, மல்லிப்பட்டினத்துல எறக்குறேன். நீங்கதான் மொதல்ல ஏறணும்."

இன்று காலைதான் உள்பக்கம் கடைசிக் கோட்டு அடித்திருந்தான். வான நீலம்.

மழை வலுத்தது. அண்ணாதுரைக்கு நெல் கொள்முதல் நிலையம் ஞாபகம் வந்தது. இன்று சனிக்கிழமை, இனி திங்கட்கிழமைதான் திறப்பார்கள். அம்சத்தின் ஒன்பது மூட்டை குறுவை நெல் அங்கே வெட்டவெளியில் கிடக்குமே! அவர் வயலிலேயே இருபது வருஷம் கூலிக்கு நடவு நட்டவள். இப்போதுதான் சொந்த நிலத்தில் முதல் அறுப்பு. நெல் ஈரமானால் எடுக்க மாட்டார்கள், முளைத்தே போகும்.

குடையை விரித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்.

"கிளமென்ட்டு, அந்தத் தார்ப்பாயை அவுரு. அம்சம் நெல்லை மூடணும்."

கிளமென்ட் தயங்கினான்.

"இப்ப அவுக்க முடியாதுண்ணே. பெயின்ட் காயல."

"என்னய்யா பேசுற? மத்தியானம் அந்தப் புள்ள என் வீட்டு வாசல்ல வந்து நின்னு கண்ணைக் கசக்குச்சு. திங்கிற நெல்லைவிட ஒம் பொம்மைப் படகு பெருசாப் போச்சா?"

கிளமென்ட் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டான்.

"குவைத்துக்குப் போனவனுக்கு நெல்லோட அருமை எங்க தெரியப் போவுது!" டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன கிளமென்ட்டிடம் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

திங்கட்கிழமை கொள்முதல் நிலையம் பூராவும் நனைந்த நெல் வாடை. ஈரம் பார்க்கிற மிஷினில் அம்சத்தின் நெல்லைப் போட்டார்கள். அண்ணாதுரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"பதினாறு. எடுத்துக்கலாம்."

அவரால் நம்ப முடியவில்லை. அப்போதுதான் சாக்குகளைக் கவனித்தார். ஒவ்வொன்றிலும் பட்டை பட்டையாக வான நீலம்.

"என்ன அம்சம் இது?"

"சனிக்கிழமை மத்தியானம் டீக்கடை தொறக்குறதுக்குள்ள கிளமென்ட் அண்ணன் படகுக்குள்ள அடுக்கிட்டோம்ணே. காயறதுக்குள்ள அடுக்குனதுல பெயின்ட் பூரா சாக்குல ஒட்டிக்கிச்சு. பாவம், காலையிலேருந்து மறுபடி தேய்ச்சுக்கிட்டு இருக்காரு."

"நான் போயி அந்தக் கத்து கத்துனேன். அப்பவாச்சும் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நாந்தான் யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு கும்புட்டுக் கேட்டுக்கிட்டேன்."

"ஏன்?"

அம்சம் ஒரு சாக்கை உதறி மடித்தாள்.

"இருவது வருஷம் வேலை பாத்த வீட்டுல எடமில்லாமயா நெல்லு படகுக்குப் போச்சுன்னு ஊரு உங்களைத்தானே கேக்கும்? நான் வந்து கேட்டப்ப, ஷெட்டுல நிக்கிற புதுக் காரு மழையில நனையக் கூடாதுன்னுட்டீங்களேண்ணே."