கேள்வி கேட்கும் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டருக்கு அச்சு வரையக் கற்றுக்கொடுக்க வந்த அருள்செல்வி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே கன்னியப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், இந்த மூலைக்கு வளைவு எவ்வளவு வைக்கலாம்? கம்ப்யூட்டர் கேட்குது."

கேட்குமாம்! பாதிப் படம் போடுமாம், நின்றுவிடுமாம், அப்புறம் இவரைக் கேட்குமாம். யார் அப்பன் வீட்டுச் சொத்து?

ஸ்கூட்டர் ஹெட்லைட் மூடியான டூமைத் தகட்டில் அடிக்கிற அச்சு வரைவதில் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே கன்னியப்பனை மிஞ்ச ஆளில்லை. பிரஸ் ஓட்டுகிற வேம்புலி அவள் வந்த அன்றைக்கே சொல்லிவிட்டான்:

"உஷாரா இரு மாமே. உன் மூளைய உறிஞ்சிக்கினு உன்னை ஊட்டுக்கு அனுப்பத்தான் மொதலாளி இந்தப் பொண்ண இட்டாந்துகீறாரு."

ஐம்பது வயசில் வேறெவன் வேலை கொடுப்பான்? பயத்தில் கன்னியப்பனுக்கு ராத்தூக்கமே போயிருந்தது.

எட்டு மில்லிமீட்டர் வளைவு வைக்க வேண்டிய மூலை அது.

"மூணு மில்லி போதும்மா."

"நிச்சயமா சார்?"

"நான் சொல்றேன்ல? தட்டு."

அந்த அளவிலேயே அச்சு செய்தார்கள். முதல் அடியிலேயே தகடு டர்ரென்று கிழிந்தது. அத்தனை செலவும் பாழ்.

"யார் குடுத்த அளவு இது?" முதலாளி ஜெயராமன் குதி குதியென்று குதித்தார்.

"நான் எட்டுன்னுதான் சொன்னேன் சார். கம்ப்யூட்டர் பொட்டி தப்பா வாங்கிக்கினு கீது," என்றார் கன்னியப்பன் வாய் கூசாமல்.

அருள்செல்வி அவரையே பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"என் தப்புதான் சார்."

அன்று சாயந்திரமே அவள் சீட்டு கிழிந்தது; கம்ப்யூட்டரும் கூடவே போனது. சனியன் தொலைந்தது என்று கன்னியப்பன் நிம்மதியாக பஸ் ஏறினார்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"கன்னியப்பா, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்."

"சார்! இன்னா சார் இது? அதான் பொட்டி போயிடுச்சே!"

"பம்பாயிலேர்ந்து வேற வருது. அது யாரையும் கேட்காது, தானே வரையுமாம். நான் மொதல்லயே இப்படித்தான் செய்யச் சொன்னேன். அந்தப் பொண்ணுதான், 'அவர் பக்கத்துல உட்கார்ந்தாத்தான் ஓடும், அவரைக் கேட்டு வரையுற மாதிரிதான் செய்வேன்'னு உனக்காக ஒத்தக் கால்ல நின்னா."