இருவருக்கும் ஒரே பதில்

மருத்துவரின் அறைக்கதவை மூடிவிட்டு அக்கா அப்படியே நிற்கிறாள். கைப்பிடியை விட்டுக் கை வர மறுக்கிறது. அம்மாவின் கைகால்களை உதறவைத்து, பெற்ற பிள்ளைகளையே மறக்கவைத்துக் கொன்ற நோய் அவளுக்கும் வருமாம். இரத்தப் பரிசோதனை இன்றே அதைச் சொல்லிவிட்டது. மருந்தைத்தான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தன் கல்யாணத்துக்கு முன்னால் தெரிந்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் இவள்தான். தாழ்வாரத்தின் கோடியில், ஜன்னல் வெயில் விழும் இரும்பு நாற்காலியில், தங்கை தன் மகளை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கிறாள். இருவரும் ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையர். ஒருத்திக்கு இருப்பது மற்றவளுக்கும் இருந்தே தீரும். "எனக்குத் தெரியவே வேணாம்க்கா. என்ன வந்தாலும் எங்கிட்ட சொல்லிடாத" என்று காலையில் மகள் தலைமேல் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அக்கா முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி நடக்கிறாள். செருப்புச் சத்தம் கேட்டுத் தங்கை நிமிர்கிறாள்.

"பசிக்குதுடி. வா, ஏதாவது சாப்பிடலாம்."

குரல் பிசிறாமல்தான் வருகிறது. தங்கை பிறந்ததிலிருந்து பார்த்துவரும் அந்த முகத்தையே பார்க்கிறாள். தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிடுகிறது. பிறகு மெல்லக் குனிந்து, தூங்கும் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறாள், நடுங்குகிறதா என்று.