பொலித்தீன் பிரிக்காத பெல்ட்

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து எழும்பும் கட்டடத்தின் கீழே, சாரப்பலகை முறிந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த சிவனு மணற்குவியலில் மல்லாந்து கிடக்கிறான். காலை வெயில் நேரே அவன் கண்ணுக்குள் அடிக்கிறது. இடது பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருக்கிறது. சுப்பவைசர் ஜனா ஸ்டோரிலிருந்து ஒரு புதுப் பாதுகாப்பு பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் கொண்டுவந்து, பொலித்தீன் உறையைப் பல்லால் கிழிக்கிறார். "அம்புலன்ஸ் வரமுன்னம் கட்டுங்கோ," என்று பக்கத்தில் நிற்கும் மேசன்மார் இருவரிடம் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார். "பெல்ட் குடுத்தனாங்கள், அவன்தான் கம்பியில கொழுவேல்லை எண்டால் வழக்கு நிக்காது." அவர்கள் சிவனுவை இடுப்பைப் பிடித்துத் தூக்கி பெல்ட்டைக் கட்டுகிறார்கள். அவன் போடும் சத்தத்தைக் கடலோரம் போகும் ரயில் மூடிவிடுகிறது. பெல்ட் அளவுக்கு மிஞ்சிப் பளபளக்கிறது. ஜனா சீமெந்துத் தூசியை அள்ளி அதன்மேல் பூசித் தேய்க்கிறார். பிறகு போனை எடுத்து கமராவைத் திறக்கிறார். சிவனு உதட்டை நனைத்துக்கொண்டு கேட்கிறான்: "இதக் கட்டினா வலி கொறையுமா சார்?" "ஓம் ஓம், நாடியைத் தூக்கு." சிவனு முகவாயைத் தூக்குகிறான். ஹெல்மெட் வார் சரியாகப் பூட்டும்வரை தலையை அசைக்காமல் வைத்துக் கொடுக்கிறான்.