நூல் சுற்றிய மோதிரம்

அவர் சமையலறை வாசலில் நின்றார். தண்ணீர் குடிக்க வந்தவர்.

ஃப்ரீசர் திறந்திருந்தது. மனைவி செண்பகம் முழங்கை வரை கையை உள்ளே விட்டு எதையோ பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

பேனா மாதிரி ஓர் ஊசி. நீல மூடி.

அவருடையது. இன்று காலை முதல் தடவை போட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

தலைக்குள் இருந்த கட்டியை எடுத்தபோது பக்கத்திலிருந்த சுரப்பியும் கெட்டுப்போனது. வளர்ச்சி ஹார்மோன் நின்றுவிட்டது என்றார்கள். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் இனி எங்கே வளர்வது என்று அவர் சும்மா இருந்தார்.

வளர்வதற்கு மட்டுமல்லவாம் அது.

உடம்பு வற்றியது. கல்யாண மோதிரம் கழன்று சாம்பாரில் விழுந்தது. நூல் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

பிறகு மனசும் வற்றியது. அதற்குச் சுற்ற நூல் கிடைக்கவில்லை.

தீபாவளியன்று அவர் நாற்காலிக்கு அடியில் சரவெடி வெடித்தது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்றார். தெருநாய்கள் அவரைக் கண்டால் குரைப்பதை விட்டுவிட்டன. பிரயோசனமில்லை என்று தங்களுக்குள் பேசி முடித்திருக்க வேண்டும்.

பேத்தி பிறந்தாள். மடியில் வைத்தார்கள். எங்கே கையெழுத்துப் போடுவது என்பதுபோல் பார்த்தார்.

"கூரியர்காரன்கிட்ட வாங்கற மாதிரி வாங்கறீங்களே," என்றாள் செண்பகம். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அதுவும் அவரை ஒன்றும் செய்யவில்லை.

"தினம் போட்டா தெம்பு வரும் சார்," என்றார் டாக்டர். "மனசுகூட கொஞ்சம் திறக்கலாம். கை கால் வீங்கலாம், சர்க்கரை ஏறலாம். பாத்துக்கலாம்."

"கட்டியில எடுக்க முடியாம உள்ளயே விட்ட துணுக்கு?" செண்பகம்தான் கேட்டாள்.

"இதனால வளரும்னு சொல்ல ஆதாரம் இல்லம்மா. வளரவே வளராதுன்னு எழுதித் தரவும் முடியாது."

போட்டுக்கொள்கிறேன் என்றார் அவர். ஆசைப்பட்டு அல்ல. ஆசைப்படுவதுதான் முறை என்று யோசித்து.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். மருந்தை ஃப்ரிட்ஜ் கதவுத் தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் மட்டும் வேண்டாம், உறைந்தால் செத்தது.

செண்பகம் அதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஃப்ரீசரில் வேண்டாம். ஃப்ரீசரில் வேண்டாம்.

மறக்கிறவள் அல்ல.

இப்போது கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். அவரைப் பார்த்தாள்.

"பட்டாணி எடுக்க வந்தேன்."

கையில் பட்டாணி இல்லை. அவருக்கு ஆகாதென்று அந்த வீட்டுக்குள் பட்டாணி நுழைந்ததே இல்லை.

கோபம் வரட்டும் என்று காத்திருந்தார். எப்போதோ நிறுத்திவிட்ட பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றார்.

வரவில்லை.

கையை நீட்டினார்.

"நூல் தளந்துபோச்சு. இன்னொரு சுத்து சுத்திவிடு."

அவள் ஃப்ரீசர் கதவைப் பார்த்தாள். பிறகு மோதிரத்தை உருவினாள். அலமாரியிலிருந்து நூல்கண்டை எடுத்தாள். சுற்றினாள். பல்லால் கடித்து அறுத்தாள். விரலில் ஏற்றினாள்.

அவள் கை ஐஸாக இருந்தது.

எடுக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை.

சூடு ஏறட்டும் என்று பிடித்துக்கொண்டே நின்றார்.

தண்ணீர் குடிக்க வந்தது மறந்துபோயிற்று.