வெள்ளி பத்தரை

முதல்நாள் நிலவறையில் பொருத்திய சுடுதண்ணீர்த் தாங்கியை இயக்கிவைக்க, ஜெர்மன் மெக்கானிக் உவே வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வந்தான். இரவு முழுக்கக் கசிவில்லை. பாதுகாப்பு வால்வும் சரி. சுவிட்சில் கை வைத்தான்.

புஸ்பவதி பதறிப்போய்க் கணவர் புவனேந்திரனை இடித்தாள். "இஞ்சாருங்கோ, இப்ப ராகு காலம். பன்னிரண்டு மணி வரைக்கும் ஆளை மறியுங்கோ."

"எப்பிடியப்பா மறிக்கிறது?"

"மேல கூட்டிக்கொண்டு வாங்கோ. சாப்பாடு போடுறன்."

இடியப்பம், சொதி, வடை, பாயசம். உவே எழும்பப் பார்த்தபோதெல்லாம் தட்டில் இன்னொரு வடை விழுந்தது.

சரியாகப் பன்னிரண்டுக்கு அவனே இறங்கிப்போய்ச் சுவிட்சைப் போட்டான். புஸ்பவதிக்கு வெற்றிச் சிரிப்பு.

"அடுத்த வருடச் சோதனையும் வெள்ளி பத்தரைக்குத்தான்," என்றான் உவே.

"வேற நேரம் ஏலாதோ?"

"தமிழர் வீடுகளுக்கு நான் அந்த நேரத்துக்குத்தான் வருவேன். அதுவும் காலையில் சாப்பிடாமல்."