ஆறு மணிக்குள் ஒரு போன்

"போனை கேன்சல் பண்ணாதேன்னு சொல்றேன்ல—"

"இன்னிக்கு விட்டா போச்சு! நேத்தே பேசியிருந்தா கடைக்காரன் கேஷ்பேக் தரமாட்டான். நாளைக்குப் பேசினா—"

"நாளைக்குப் பேசினா என்ன, வானம் இடிஞ்சு விழுமா?"

"இன்னொரு மாசத்துக்கு பில் வரும், மகாராணி. அதை எவனும் திருப்பித் தரமாட்டான். நம்ம கைக்காசு!"

மேவிஸ் கெட்டிலை மேடைமேல் வைத்தாள், தேவைக்கு அதிகமான சத்தத்தோடு.

போன வருடம் ஆளுக்கொன்றாக இரண்டு கைப்பேசிகளை அவள் கணவர் நார்மன்தான் வாங்கி வந்தார். மாதாமாதம் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும். சொன்ன மாதங்களில் பில்லைத் தபாலில் அனுப்பினால், கட்டியதெல்லாம் கடைக்காரனிடமிருந்து திரும்பி வரும். ஒரு தடவை தவறினாலும் பட்டை நாமம். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்பதுதான் கடைக்காரனின் பிழைப்பு. நார்மன் அந்தப் பாதியில் சேர்கிற ஆள் இல்லை.

சுரங்கத்தொழிலாளர் கிளப்பில் இதைச் சொல்லிச் சொல்லி, அவரைக் கண்டாலே எல்லோரும் பீர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்கு ஓடுகிற நிலைமை வந்திருந்தது.

கடைசி பில்லும் போய்விட்டது. ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது; ஆறு மணிக்குள் கம்பெனியைக் கூப்பிட்டு, போதும் சாமி, இரண்டையும் நிறுத்திக்கொள் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"டாக்டர்கிட்ட இந்த நம்பரைத்தான் கொடுத்திருக்கேன்" என்றாள் மேவிஸ்.

"வீட்டு போன் எதுக்கு இருக்கு, அழகுக்கா?"

"வழியில எங்கயாவது விழுந்து வச்சேன்னா?"

"நாலு பேர் தூக்குவாங்க. நீ இருக்கிற கனத்துக்கு அஞ்சு பேரு."

"உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு அந்தக் கழுதையைக் கட்டியிருக்கலாம், பால்கார எரிக்கை."

"அவனும் இதை கேன்சல்தான் பண்ணியிருப்பான். உனக்கு போன் பண்றதே நான் ஒருத்தன்தானே! அப்புறம் எதுக்கு அதைக் கட்டிக்கிட்டு அழறே?"

மேவிஸ் குழாயைத் திறந்தாள். கோப்பைகளைக் கழுவத் தொடங்கினாள்.

நார்மன் கோட்டை மாட்டிக்கொண்டார். மண் படும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி, எப்போதும்போல ஜன்னலோர ஆணியில் தொங்கவிட்டார். "தோட்டத்துக் கொட்டகையிலிருந்து பேசிக்கறேன். இங்க நீ என்னைப் பேசவிட மாட்டே."

கதவு சாத்திக்கொண்டது.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அவருடைய காய்கறித் தோட்டம். யாருடையது பெரிது என்று செப்டம்பரில் நடக்கும் போட்டிக்காக, பெரிய வெங்காயத் தண்டு போன்ற லீக்ஸ் அங்கே கொழுகொழுவென்று நிற்கிறது. போட்டி நெருங்கினால் பொறாமையில் அதை வெட்டிப்போடக் கத்தியோடு வருகிறவர்கள் உண்டு. ஆள் இருக்கிறது என்று அவர்கள் நினைக்கட்டும் என்பதற்காகக் கொட்டகையில் ரேடியோ இரவும் பகலும் பாடிக்கொண்டே இருக்கும்.

வீட்டில் நார்மன் பேசுகிறவர் இல்லை. சண்டை என்றால் வாய் வரும். மற்றபடி "உப்பு", "ம்", "மழை வரும்போல". கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

ஆனால் இந்தப் போனோடு மாதாமாதம் இலவசப் பேச்சு நேரம் வந்தது. பேசாவிட்டால் அது மாதக் கடைசியில் வீணாகிவிடும். நார்மனால் அதைத் தாங்க முடியுமா? தினமும் சாயங்காலம் தோட்டத்திலிருந்து மேவிஸைக் கூப்பிடத் தொடங்கினார். முதலில் லீக்ஸைப் பற்றி. அப்புறம் நத்தைகளைப் பற்றி. அப்புறம் எப்படியோ மற்றதெல்லாம் வந்தது.

மகன் கனடாவுக்குப் போன அன்று பஸ்ஸில் உட்கார்ந்து அழுததை அவர் போனில்தான் சொன்னார். நீலக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் முதன்முதலாகக் கிளப் நடனத்துக்கு வந்தபோது, தனக்குக் கால் பின்னிக்கொண்டதையும்.

பேசி முடித்து வீட்டுக்கு வந்தால், "என்ன சாப்பாடு?" என்பார். அவளும் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள்.

இந்தப் பேச்சுக்காகத்தான் போன் வேண்டும் என்று எப்படி வாய்விட்டுக் கேட்பது? கேட்டால் வெட்கப்பட்டு அப்போதே நிறுத்திவிடுவார்.

போன் அடித்தது. மேவிஸ் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"முடிஞ்சுதா?"

"எங்க? கம்பெனிக்காரன் பாட்டைப் போட்டு உட்காரவச்சுடறான். வச்சுட்டேன், திரும்பக் கூப்பிடணும். அதுக்குள்ள உன்கிட்ட ஒண்ணு சொல்லிடலாம்னு. அந்த ஓரத்து லீக்ஸ் என் மணிக்கட்டு தண்டிக்கு வந்துடுச்சு, கண்ணு. அதைப் பார்த்ததும் எங்கப்பா ஞாபகம். ஒரு வருஷம் அவரு போட்டியில ஜெயிச்சாரு. கோப்பையை என் கையில கொடுத்து, நீயே தூக்கிட்டு வாடான்னுட்டாரு. தெருவே நான்தான் ஜெயிச்சேன்னு பார்க்குது. அவரு பின்னாடி, ஒண்ணும் தெரியாத மாதிரி வர்றாரு..."

அப்பாவைப் பற்றி அவர் பேசி மேவிஸ் கேட்டதே இல்லை.

"இரு, இரு. மணி என்ன ஆச்சு? வாட்ச்சை அங்கேயே விட்டுட்டேன்."

ஆணியில் தொங்கிய கடிகாரத்தை மேவிஸ் பார்த்தாள். ஆறாகப் போகிறது; பெரிய முள் உச்சியைத் தொடப் போய்க்கொண்டிருந்தது. அவருடைய காசு விஷயத்தில் இதுவரை அவள் ஒரு பொய் சொன்னதில்லை.

"அஞ்சரை" என்றாள். "நீ மெதுவா சொல்லு."

"கோப்பை வெள்ளி ஒண்ணுமில்ல, சும்மா தகரம். ஆனா—"

அவர் குரலுக்குப் பின்னால், கொட்டகை ரேடியோவில் ஆறு மணிச் செய்திக்கான மணி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

நார்மன் பேச்சை நிறுத்தினார். மேவிஸ் மூச்சை நிறுத்தினாள்.

நான்காவது மணி முழுசாக விழவில்லை. இரவு பகல் அணையாத ரேடியோ பட்டென்று அணைந்தது.

"அஞ்சரைதானே? அப்ப நிறைய நேரம் கெடக்கு, கண்ணு" என்றார் நார்மன். "எங்க விட்டேன்?"