வீட்டில் பிரித்த பேனா

"பேனா வீட்டில் பிரிக்கப்பட்டுள்ளது. பழுது நீக்க இயலாது. திருப்பி அனுப்பப்படுகிறது."

பார்சலுக்குள் இருந்த சீட்டை அன்பரசி மூன்றாவது முறையாகச் சத்தம் போட்டு வாசித்தாள். அடியில் 'ஜெயராஜ், சர்வீஸ் பிரிவு' என்று ஒரு கிறுக்கல்.

"மூணு வாரம் வச்சிருந்துட்டு மூணு வரி எழுதி அனுப்பியிருக்கான். இவன விடுறதா இல்ல," என்றாள்.

கணவர் பாலகிருஷ்ணன் மெதுவாக அடுப்படிப் பக்கம் நழுவப் பார்த்தார். அன்பரசி விடுறதா இல்ல என்றால் என்ன ஆகும் என்பது விருத்தாசலத்தில் பல பேருக்குத் தெரியும். பகலில் செராமிக் யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் வரைகிறவள். சாயங்காலம் தெருவுக்கே மனு எழுதுகிறவள். தெருவிளக்கு எரியவில்லையா, பஸ்ஸு நிற்காமல் போகிறதா, அவள் ஒரு பக்கம் எழுதினால் எங்கேயோ ஒருத்தருக்கு வேர்த்துவிடும்.

யூனிட்டில் பெண்களுக்குக் கழிப்பறை வந்ததே அவள் மனுவால்தான். அந்தச் சந்தோஷத்தில் கூட வேலை செய்கிறவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்த மை பேனா இது. போன மாதம் கை தவறிச் சிமெண்ட் தரையில் விழுந்து நிப் வளைந்துவிட்டது. இதற்குப் போய் கம்பெனியா என்று அன்பரசியே குறடு வைத்துத் திருகினாள். அதில் பேனாவின் கழுத்தும் விரிசல் விட்டது. பிறகுதான் கூரியரில் அனுப்பினாள்.

சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். ஜெயராஜே எடுத்தான்.

"மேடம், வீட்ல பிரிச்ச பேனாவ நாங்க தொடக் கூடாது. தொட்டா எங்க வேலை போயிடும். கம்பெனி ரூலு."

"உங்க ரூல யாருங்க கேட்டா? வளைஞ்ச நிப்ப நேராக்கத் தெரியுமா, தெரியாதா?"

"சீட்டுல எழுதியிருக்கறதுதான் மேடம். அதுக்கு மேல என்னால பேச முடியாது. கால் ரெக்கார்டு ஆகுது."

"ஆவட்டும். நல்லா ஆவட்டும். உங்க மொதலாளி காதுல விழட்டும்."

அவன் போனை வைத்துவிட்டான். அன்பரசி பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைக்கலாமா? அந்தப் புண்ணியவானுக்கு அவளைப் பற்றித் தெரியாது.

ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்தாள். "வளைந்த நிப்பை நிமிர்த்தத் தெரியாதவரைச் சர்வீஸ் பிரிவில் உட்கார வைத்திருக்கும் தங்கள் நிறுவனத்துக்கு வணக்கம்" என்று ஆரம்பித்து, "மேற்படி ஜெயராஜை வேலையை விட்டு நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தாள். போட்டோ எடுத்து கம்பெனி மேனேஜரின் வாட்ஸ்அப்புக்குத் தட்டிவிட்டாள். ரெண்டு டிக்கும் நீலமாயின.

"சம்பளத்துக்கு உக்காந்திருக்கற ஆளு. வேலைய விட்டே தூக்கச் சொல்லணுமா?" என்றார் பாலகிருஷ்ணன்.

"தெரியாத வேலையில எதுக்கு உக்காரணும்? நான் வைக்கிற கண்ணு மயிரிழை தள்ளுனா பொம்மைக்கு ஒன்றரைக்கண்ணாயிடும். அந்தக் கைக்கு இந்த நிப்பு எம்மாத்திரம்? இன்னிக்கே நேராக்கி, இதே பேனாவுல எழுதி இன்னொரு போட்டோ அனுப்புறேன் பாருங்க. போயி வெதுவெதுன்னு கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

அவர் போனார். அன்பரசி லென்ஸையும், மெல்லிய பித்தளைத் தகட்டையும், நிப்பைத் தேய்க்க ஒரு பீங்கான் துண்டையும் எடுத்து வைத்துக்கொண்டாள். முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம் என்று பேனாவில் இங்க் ஊற்றினாள்.

ஒழுகவில்லை. தாளில் வைத்தாள். நிப் வழுக்கிக்கொண்டு ஓடியது. தன் பெயரை எழுதினாள். நம்பாமல் அதன் கீழே இன்னொரு முறை எழுதினாள்.

தண்ணீரோடு வந்த பாலகிருஷ்ணன் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதுக்குள்ள ரிப்பேர் பண்ணிட்டியா? கெட்டிக்காரிதான் நீ."

அன்பரசி சிரிக்கவில்லை. லென்ஸை வைத்துப் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசலைக் காணோம். கழுத்துப் பகுதியே புதுசாக இருந்தது. நிப் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"நான் இன்னும் கையே வைக்கலீங்க," என்றாள்.

"அப்ப யாரு..." என்று ஆரம்பித்தவர், மேசையில் கிடந்த சீட்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

போன் அடித்தது. கம்பெனி மேனேஜர்.

"மேடம், உங்க கம்ப்ளெய்ண்ட் பாத்தேன். பேனாவ உடனே எனக்கு அனுப்புங்க. நானே பிரிச்சுப் பாக்கறேன். ஜெயராஜ் மேல தப்பு இருந்தா இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறோம்."

அன்பரசி பேனாவை மூடி வைத்தாள். இத்தனை வருஷத்தில் கொடுத்த மனுவை அவள் வாபஸ் வாங்கியதே இல்லை. எழுதிய எதிலும் ஒரு பொய் கிடையாது என்று ஊரெல்லாம் சவால் விட்டவள்.

"தப்பு என்னுதுங்க," என்றாள். "வூட்ல குறடு போட்டுத் திருகுனவ நாந்தான். அந்த மனுவ வாபஸ் வாங்கிக்கறேன்."

"பரவால்ல மேடம், எதுக்கும் பேனாவ ஒரு தடவ அனுப்புங்க. எழுதுதா இல்லையான்னு நாங்களே செக் பண்ணிடறோம்."

"அனுப்ப மாட்டேன். என் பேனா, என் இஷ்டம். உங்க ஜெயராஜ் சொன்னதுதான் சரி. அது இனிமே எழுதாதுங்க," என்றாள் அன்பரசி, இன்னும் ஈரம் காயாத தன் பெயரைப் பார்த்துக்கொண்டே.